கல்லூரித் தேர்வுப் பிரிவுகளுக்கு: உங்கள் உறைக்காகக் காத்திருப்பவர்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டக் கல்லூரிகளின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கும் பிரிவுப் பணியாளர்களுக்கும் வணக்கம்.

வேலை உத்தரவு கையில் இல்லாமலே படிப்பு, அனுபவம், மொழி, வயது ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டு ஆள் எடுக்கும் வழிகள் வெளிநாடுகளில் உண்டு. கனடாவில் 2015 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி. ஆஸ்திரேலியாவில் 189 விசா. ஜெர்மனியில் 2024 ஜூனில் வந்த வாய்ப்பு அட்டை. அங்கே போய் ஓராண்டு வேலை தேடலாம். பொறுப்பேற்க முதலாளி இல்லாததால் இவற்றில் தாள்தான் ஆளுக்கு ஜாமீன். அந்தத் தாள் உங்களிடமிருந்து வர வேண்டும்.

தாமதத்தின் விலையைச் சொல்லிவிடுகிறோம். மணமாகாதவருக்குக் கனடாவில் 29 வயது வரை 110 புள்ளி. 30 ஆனதும் 105, 35-இல் 77. வேலை உத்தரவுக்கான கூடுதல் புள்ளிகளை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். இழந்ததை அந்த வழியிலும் ஈடுகட்ட முடியாது. கனடாவுக்கு வெளியே படித்தவர், தம் பட்டம் கனடாப் பட்டத்துக்கு ஈடா என்று சொல்லும் கல்வி மதிப்பீட்டு அறிக்கை இல்லாமல் அங்கே திறன் பணியாளர் பிரிவில் பெயரே பதிய முடியாது. அது வருவதற்குள் இரண்டாண்டு மட்டுமே செல்லும் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் பழசாகிக்கொண்டிருக்கும். ஆஸ்திரேலியாவிலோ 33-ஆம் பிறந்தநாளில் 5 புள்ளி போய்விடும்.

பெரும்பாலும் உறையில்தான் சிக்கல். மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது எல்லா செமஸ்டர் மதிப்பெண்களும் அடங்கிய சான்றை, உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய மடிப்பின் மேல் கையெழுத்தும் முத்திரையும் விழ வேண்டும். விண்ணப்பதாரரின் கோப்பு எண் உறைமேல் தெரிய வேண்டும். நல்லெண்ணத்தில் மாணவர் கையில் திறந்த உறையைக் கொடுத்து "நீயே அனுப்பிக்கொள்" என்றால் அதை ஏற்க மாட்டார்கள். எட்டு செமஸ்டரில் ஒன்று விட்டுப்போனாலும், அரியர் எழுதித் தேறிய தாளின் பட்டியல் சேராவிட்டாலும் கோப்பு நின்றுவிடும். தன்னாட்சிக் கல்லூரிகளில் மதிப்பெண் பட்டியல் கல்லூரியுடையது, பட்டம் பல்கலைக்கழகத்துடையது. எந்தத் தாளுக்கு எந்த அலுவலகம் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பிள்ளைகள் சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்கும் கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் வீணாக அலைய மாட்டார்கள்.

அடுத்தது இனிஷியல். இது நம் ஊருக்கே உரிய தொல்லை. மதிப்பெண் பட்டியலில் 'எஸ். குமார்'; பாஸ்போர்ட்டில் அதே ஆள் 'குமார் செல்வம்'. வெளிநாட்டு அலுவலருக்கு இருவரும் வேறு வேறு ஆள். பட்டியலைத் திருத்தித் தரச் சொல்லவில்லை. பதிவெண், பிறந்த தேதி, இனிஷியலின் விரிவு மூன்றையும் சொல்லி, இருவரும் ஒருவரே என்று லெட்டர்ஹெட்டில் நான்கு வரி கொடுத்தால் போதும். நோட்டரி பிரமாணப் பத்திரத்தைவிட இதற்கு மதிப்பு அதிகம் என்பது எங்கள் கருத்து.

ஜெர்மனிக்குப் போகிறவர், வெளிநாட்டுப் பட்டங்களின் மதிப்பைச் சொல்லும் அந்நாட்டின் அனாபின் தரவுத்தளத்தில் பல்கலைக்கழகத்தையும் பட்டத்தையும் தேடிக் காட்ட வேண்டும். ஆகவே சான்றிதழில் பட்டத்தின் முழுப் பெயர், படிப்புக் காலம், பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம் மூன்றும் சுருக்கமில்லாமல் இருக்கட்டும். வெளிநாட்டில் காட்டும் தாள்களுக்கு அரசு இடும் அபோஸ்தில் முத்திரையை வாங்கி வா என்று யாரையும் சென்னைக்கு அனுப்பாதீர்கள். இந்தியத் தாளில் உள்ள அந்த முத்திரையை ஜெர்மனி ஏற்பதில்லை. கனடாவின் கல்வி மதிப்பீட்டுக்கு அது தேவையும் இல்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிற்சாலை மேலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. "நன்றாக வேலை செய்தார்" என்ற கடிதத்துக்குப் புள்ளி கிடையாது. பதவி, செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம், சேர்ந்த தேதி, விலகிய தேதி, கையெழுத்திட்டவரின் தொலைபேசி எண் எல்லாம் வேண்டும்.

நாங்கள் கேட்பது: டிரான்ஸ்கிரிப்ட் கட்டணம், தேவையான நகல்கள், எத்தனை நாளில் கிடைக்கும், விடுப்பில் இருப்பவருக்குப் பதில் கையெழுத்திடுபவர் யார் என்பதை எழுதி ஜன்னலருகே ஒட்டுங்கள். 15 வேலை நாளுக்கு மேல் போனால் யாரைப் பார்ப்பது என்பதையும் அதிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
வேலூரில் இந்தத் தாள்களைச் சரிபார்த்துக் கொடுப்பவர்கள்