லோட்டஸ் செவனும் வரிச்சட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில் வெளியான லோட்டஸ் செவன் பற்றிய கட்டுரை, அந்தச் சிறிய காரின் எளிமைக்கு லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மனின் மேதைமை ஒன்றையே காரணமாகக் காட்டுகிறது. எடையைக் குறைப்பதில் அவருக்கு இருந்த பிடிவாதத்தை நான் மறுக்கவில்லை; ஆனால் 1957இல் வெளிவந்த அந்தக் காரின் வடிவத்தில் அன்றைய பிரிட்டிஷ் வரிச்சட்டத்துக்கும் பெரும் பங்கு உண்டு என்பதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை.

முழுமையான புதுக் காருக்கு அப்போது கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கித் தானே பூட்டிக்கொள்பவருக்கு அது கிடையாது. வாங்குபவர் தம் வீட்டுக் கொட்டகையில் சாதாரணக் கருவிகளைக் கொண்டு பூட்ட வேண்டியிருந்ததால், தொழிற்சாலையில் பற்றவைத்த குழாய்ச் சட்டகம், அதன்மேல் பெரும்பாலும் தட்டையான அலுமினியத் தகடுகள், எங்கும் கிடைக்கக்கூடிய ஃபோர்டின் 1172 சிசி எஞ்சின் என்று எல்லாமே சிக்கலின்றி அமைந்தன. பூட்டும் முறையை எழுதித் தரக் கூடாது என்ற விதியைச் சமாளிக்க, காரைக் கழற்றும் முறையை லோட்டஸ் எழுதிக் கொடுத்து, அதைப் பின்னிருந்து முன்னாகப் படித்துக்கொள்ள விட்டதாக ஒரு கதை உண்டு. கதையில் எவ்வளவு மெய்யோ, அந்தக் காலத்துக் குறும்புக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

1973இல் மதிப்புக்கூட்டு வரி வந்து பழைய சலுகை போனது. விலையுயர்ந்த கார்களின் பக்கம் திரும்பிவிட்ட லோட்டஸும் செவனைக் கைவிட்டது. அதைத் தயாரிக்கும் உரிமையைப் பெற்றவர், சர்ரே மாவட்டத்தின் கேட்டர்ஹாமில் அதே காரை விற்றுவந்த கிரஹாம் நியர்ன். 1970இல் கண்ணாடியிழை உடலுடன் வந்த செவனின் நான்காம் வரிசையைச் சிறிது காலம் தயாரித்த அவர், 1974இல் முந்தைய மூன்றாம் வரிசைக்கே திரும்பினார். புதிய வடிவத்தை ஒதுக்கிப் பழையதை மீட்ட அந்த முடிவினால்தான் செவன் இன்றும் தயாரிப்பில் இருக்கிறது என்பது என் கருத்து. தங்கள் கட்டுரையிலோ நியர்னின் பெயர்கூட இல்லை.

இப்போது செவனைத் தயாரிக்கும் கேட்டர்ஹாம் நிறுவனம் 2013இல் அறிமுகப்படுத்திய, சுசூக்கியின் 660 சிசி எஞ்சின் பூட்டிய செவனும் கவனிக்கத்தக்கது. அதன் எடை 500 கிலோவுக்கும் குறைவு. அந்த எஞ்சினும் குறுகிய உடலும் ஜப்பானில் வரிச்சலுகை பெறும் ‘கெய்’ என்ற சிறிய கார் வகையின் அளவுகளுக்குள் அடங்குகின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்