மேசையில் வென்ற சண்டை

திருகோணமலை

அன்பின் தியாகுவுக்கு,

ஸ்கேட்போர்டு என்னும் சக்கரப் பலகை ஆட்டத்தைப் பற்றி நீ அனுப்பிய ஆவணப்படங்களைப் பார்த்து முடித்துவிட்டேன். எவன் எப்படித் தாவினான் என்று பேரன் பக்கத்தில் இருந்து விளக்கம் சொன்னான். லண்டனில் தேம்ஸ் கரையில் குயின் எலிசபெத் இசை மண்டபத்தின் அடியில் இருக்கும் அந்தக் கொங்கிறீட் சரிவுகளை யாரும் ஸ்கேட்போர்டுக்கென்று கட்டவில்லையாமே! 1970களில் பிள்ளைகள் தாங்களாகவே பிடித்துக்கொண்ட இடம். 2013இல் மண்டப நிர்வாகத்தார் அதைக் கடைகளாக்கிவிட்டு, பாலத்தடியில் வேறிடம் தருகிறோம் என்றிருக்கிறார்கள்.

எனக்கு ஒரு மனக்குறை. எல்லாரும் ஒரே மாதிரித்தான் எடுக்கிறார்கள். மெதுவாகச் சுழலும் சக்கரம், முழங்கையில் சிராய்ப்பு, பழைய ஆட்டக்காரரின் கலங்கிய கண், பின்னால் ஓர் இசை. ஆனால் அந்த இடத்தைக் காப்பாற்றியது, அங்கேயே போட்டிருந்த ஒரு மேசை. நாள் தவறாமல் தொண்டர்கள் உட்கார்ந்து, வழியில் போவோரை மறித்துக் கையெழுத்து வாங்கினார்கள். திட்டத்தை எதிர்த்து, அந்தப் பகுதிக்குரிய லாம்பெத் நகர சபைக்கு 27,000க்கும் மேற்பட்ட ஆட்சேபனைகள் போயின. அதை ஊர்ப் பொதுவெளியாகப் பதியும்படி வேறொரு விண்ணப்பம். 2014 செப்டெம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தாகி இடம் தப்பியது. படத்தில் அந்த மேசை வந்த வேகத்தில் போய்விடுகிறது. அரசாங்கக் கச்சேரியில் கோப்புப் புரட்டியே கிழவனானவனுக்கு எரியாதா?

அமெரிக்காவின் பிலடெல்பியாக் காட்சியை மட்டும் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். அங்குள்ள லவ் பார்க் என்ற பூங்காவை உருவாக்கியவர்களில் ஒருவரான எட்மண்ட் பேகன், 2002இல், தமது 92ஆவது வயதில், அங்கே ஸ்கேட்போர்டுக்கு இருந்த தடையை மீறித் தலைக்கவசத்துடன் பலகையில் ஏறுகிறார். விழாதபடி ஆட்கள் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். உருண்டது கொஞ்சத் தூரம்தான், ஆனால் மனிதரின் முகத்தைப் பார்க்கவேண்டும்! அந்தப் பூங்காவையே 2016இல் இடித்துப் புதிதாகக் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

நாம் பந்தடித்த வெளிக்கு வேலி போட்டது நினைவிருக்கிறதா? ஆட்சேபனை இருந்தால் எழுத்தில் தரும்படி அறிவித்தல் பலகையில் தாள் ஒட்டியிருந்தது. தேநீர்க் கடையில் ஊரே திட்டித் தீர்த்தது. என் மேசைக்கு ஒரு துண்டுக் கடிதமும் வரவில்லை. இப்போது டச்சு பே மணலில் ஆடும் பொடியன்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். பேரன் மட்டும், யாருக்கு எழுதவேண்டும் தாத்தா என்று கேட்டான்.

ஆடியில் வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் எடுத்துவிட்டாயா? முழங்கால் வலிக்கு நீ சென்ற முறை கொண்டுவந்த களிம்பு முடிந்துவிட்டது, இரண்டாக வாங்கி வா.

அன்புடன்,
சிவம்