புதைக்கும் முன் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும் உள்துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

காணாமல் போய், பக்கத்து மாவட்டத்தில் வண்டி மோதி இறந்து, ‘அடையாளம் தெரியாதவர்’ என்று புதைக்கப்பட்ட எங்கள் பெரியப்பாவின் விஷயம் தங்கள் அலுவலகத்துக்குப் புதிதல்ல. மனுவாக வந்திருக்கிறது. ‘உரிய நடவடிக்கைக்காக’ என்று கீழே அனுப்பப்பட்டு, யார் மேல் புகாரோ அவர்கள் மேசைக்கே போய்ச் சேர்ந்தும் இருக்கிறது. ஆகவே கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. போன வாரம் வந்த பதில்தான் இதை எழுத வைத்தது. “இறந்தவர் அடையாளம் தெரியாத நபர் என்பதால் விதிமுறைப்படி அடக்கம் செய்யப்பட்டது. மேல்நடவடிக்கை தேவையில்லை என மனு முடிக்கப்படுகிறது.”

யாருக்கு அடையாளம் தெரியாதவர், ஐயா?

பெரியப்பாவுக்கு இடது கை ஆள்காட்டி விரல் பாதிதான். மாவு மில் பெல்ட்டில் சிக்கிப் போனது. அவரைக் காணோம் என்று எங்கள் ஊர் ஸ்டேஷனில் கொடுத்த புகாரில் முதல் அடையாளமாக எழுதியதே அதைத்தான். எஃப்.ஐ.ஆரிலும் ஏறியது. பக்கத்து மாவட்டத்தில் நெடுஞ்சாலை ஓரம் அடிபட்டுக் கிடந்த பெரியவரின் பிரேதப் பரிசோதனைச் சான்றிலும் டாக்டர் அதையே எழுதியிருக்கிறார்: இடது ஆள்காட்டி விரல் பழைய காயத்தால் துண்டான நிலை. ஆனால் மற்ற ஸ்டேஷன்களுக்கும் பத்திரிகைக்கும் போன தகவலில் அந்த விரல் இல்லை. சுமார் 65 வயது மதிக்கத்தக்க ஆண், மாநிறம், ஒல்லியான தேகம், வெள்ளை வேட்டி, நீல நிற அரைக்கைச் சட்டை. இதை வைத்துக்கொண்டு எந்த வாரச்சந்தையில் நின்றாலும் ஒரு வேன் நிறைய ஆளைக் கூட்டி வரலாம்.

கைப்பற்றிய பொருட்களின் பட்டியலில் இன்னொரு வரி இருக்கிறது: ‘சட்டைக் காலரில் டெய்லர் லேபிள் உள்ளது.’ லேபிளில் கடைப் பெயரோடு எங்கள் ஊர்ப் பெயரும் உண்டு. துணியில் இருந்த சலவைக் குறியை வைத்தே கொலையைத் துப்புத் துலக்கிய காவல்துறைக்கு ஒரு போன் போட நேரம் கிடைக்கவில்லை.

அந்தக் காவலர்களைத் திட்டுவது என் நோக்கமில்லை. பிணவறையில் குளிர்பெட்டி காலியில்லை, மேலிருந்து அவசரப்படுத்தினார்கள், ஏட்டையா தன் கைக்காசில் கோடித்துணி வாங்கிப் போட்டாராம். அவருக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. ஆனால் காணாமல் போனவர்கள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு உடலைப் புதைக்கலாம் என்று விட்டிருப்பது யார்?

பல மாதம் கழித்து அந்தப் பக்கத்து மாவட்ட ஸ்டேஷனில் இருந்த போட்டோவைப் பார்த்துத்தான் பெரியம்மா அடையாளம் சொன்னார். சுடுகாட்டில் விசாரித்தால், “அந்த மூலையில ரெண்டு மூணு இருக்கு சாமி, எது எதுன்னு எப்படிச் சொல்றது?” என்கிறார் குழி வெட்டியவர். எண் பதித்த ஒரு கல்கூட இல்லை. இறப்புப் பதிவேட்டில் பெயர் தெரியாதவர். பெயரைச் சேர்க்க நகராட்சி போலீஸ் கடிதம் கேட்கிறது. போலீஸ், டி.என்.ஏ. வேண்டும் என்கிறது. அதற்கு உடலைத் தோண்ட வேண்டும், தோண்ட கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும், உத்தரவுக்கு எந்தக் குழி என்று காட்ட வேண்டும். பரிசோதனையின்போதே ஒரு பல்லோ எலும்புத் துண்டோ எடுத்து வைத்திருந்தால் இந்தச் சுற்றே இல்லை.

இறப்புச் சான்றிதழ் இல்லாததால் வாரிசுச் சான்றிதழ் இல்லை, பட்டா மாறவில்லை, விதவை உதவித்தொகை மனுவை வாங்கவே மாட்டேன் என்கிறார்கள். ஒரு அதிகாரி நல்ல மனதோடு யோசனை சொன்னார்: “ஏழு வருஷம் பொறுங்கம்மா, கோர்ட்லயே இறந்ததா அறிவிச்சிடுவாங்க.” ஏழு வருடம் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது உண்மைதான். பழைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியமில் 111. அது எங்கே போனார் என்றே தெரியாதவர்களுக்கு. எங்களுக்கோ போஸ்ட்மார்ட்டம் சான்று கையில் இருக்கிறது. அதைப் பெட்டியில் பூட்டிவிட்டு, தகவலே இல்லை என்று ஏழு வருடம் நடிக்கச் சொல்கிறார்கள்.

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். இப்படிப்பட்ட மரணங்களைப் போலீஸ் எப்படி விசாரிக்க வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194. இரண்டு பேரை வைத்து விசாரி, காயங்களை எழுது, எப்படி இறந்ததாகத் தெரிகிறது என்று சொல், அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் அனுப்பு என்கிறது. இறந்தது யார் என்று கண்டுபிடிக்க அதில் ஒரு வரி கிடையாது. உரிமை கோரப்படாத உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க இந்த மாநிலத்தில் 1951-லேயே சட்டம் இருக்கிறது. அதன் சொந்தக்காரரைத் தேடச் சட்டம் இல்லை. அடையாளம் தெரியாத உடல்களின் டி.என்.ஏ.வைப் பதிந்து வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கு, மசோதா வருகிறது என்று ஒன்றிய அரசு சொன்னதால் 2018-இல் முடித்துவைக்கப்பட்டது. மசோதா 2019-இல் மக்களவைக்கு வந்தது. 2023-இல் திரும்பப் பெறப்பட்டது.

விபத்துப் பிரிவில் இன்னும் வேடிக்கை. மோதியது ‘அடையாளம் தெரியாத வாகனம்’, செத்தது ‘அடையாளம் தெரியாத முதியவர்’. இரண்டு பக்கமும் ஆள் இல்லாததால் கோப்பு எவ்வளவு லேசாகிவிடுகிறது! மோதிவிட்டு ஓடிய வண்டியால் இறந்தவர் குடும்பத்துக்கு 25 ஆயிரமாக இருந்த இழப்பீட்டை 2022 ஏப்ரல் முதல் 2 லட்சமாக உயர்த்தினார்கள். இறந்தவருக்குப் பெயர் இல்லையென்றால் அந்தப் பணத்தைக் கேட்க ஆளே இல்லை. ரேஷன் கடையில் விரல் வைத்தால்தான் அரிசி. ஆனால் இறந்தவரின் ரேகையை வைத்து ஆதாரில் ஆளைத் தேட முடியாது, எண் தெரிந்தால்தான் ஒப்பிட முடியும் என்று ஆதார் ஆணையம் 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. உயிரோடு இருப்பவன் தான் யார் என்பதைத் தினமும் நிரூபிக்க வேண்டும். செத்த பிறகு நிரூபிக்க வாய்ப்பே கிடையாது.

ஒன்றிய அரசின் கணக்கைத் தங்களிடம் கேட்பது முறையாகாது. தங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன். எஃப்.ஐ.ஆர்.கள் எல்லாம் ஏற்கெனவே கணினியில் இருக்கின்றன. அடையாளம் தெரியாத உடல் ஒன்று கிடைத்தால், மாநிலம் முழுவதும் காணாமல் போனவர்கள் பட்டியலோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தேன் என்று ஒரு அதிகாரி கையெழுத்திடாமல் புதைக்க அனுமதிக்காதீர்கள். டாக்டர் எழுதும் அங்க அடையாளங்கள் மற்ற ஸ்டேஷன்களுக்கும் பத்திரிகைக்கும் போகும் தகவலில் அப்படியே போகட்டும். டி.என்.ஏ. மாதிரியை எடுத்து வைத்து, குழிக்கு ஒரு எண் கொடுங்கள். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை, தங்கள் சுற்றறிக்கை ஒன்று போதும் என்று நம்புகிறேன்.

பெரியம்மாவுக்காக ஒன்று. எங்கள் எஃப்.ஐ.ஆர். நகலையும் பிரேதப் பரிசோதனைச் சான்றின் நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். இரண்டிலும் அந்த விரல் வரும் இடத்தைச் சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறேன். இரண்டையும் ஒரே கோப்பில் வைத்து, கோட்டாட்சியருக்கும் நகராட்சிக்கும் கடிதம் எழுத உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த மனுவையும் அதே ஸ்டேஷனுக்கே அனுப்பிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
இறந்தவரின் தம்பி மகன்