ஐந்து கட்டைக்குச் சற்று மேலே ஒரு ரீங்காரம்

கும்பகோணம்
14.7.2024

அன்புள்ள சிவராமனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்பதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் கடிதத்தின் பாதிக்கு மேல் முழங்காலை விட்டுவிட்டு, கூடத்தில் புதிதாக மாட்டிய தொங்குவிளக்கு மாலையானால் உறுமுவதைப் பற்றியே எழுதியிருக்கிறாய். விளக்கு விற்றவர், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைக் குறை சொல்கிறார், டிம்மர் பொருத்தியவர் விளக்கைக் குறை சொல்கிறார் என்று அலுத்துக்கொண்டிருக்கிறாய். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது என்பதுதான் இதில் உள்ள சங்கடம்.

இதே தொல்லை போன ஆண்டு எங்கள் வீட்டிலும் இருந்தது. என் மகள் மாலையில் சாதகம் செய்யும்போது சுருதிப் பெட்டியை ஐந்து கட்டை என்ற சுருதி அளவில் வைப்பாள். சில நாட்களாகச் சுருதி நிற்காமல் அலைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனோம். அவர் ஒரு வாரம் வைத்திருந்து, பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒருநாள் பாடிக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்து விளக்கை அணைத்தாள். அலைச்சல் அந்தக் கணமே நின்றது. ஐந்து கட்டையில் ஸட்ஜம், அதாவது 'ஸ', விநாடிக்கு 196 அதிர்வு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 அலை; ஒவ்வோர் அலையிலும் இரண்டு அரையலை இருப்பதால் விளக்கு எழுப்பும் ஒலி 100 அதிர்விலும் அதன் மடங்குகளான 200, 300 அதிர்வுகளிலும் வரும். அந்த 200 இந்த 196-ஓடு உரசி, விநாடிக்கு நான்கு தடவை ஏறி இறங்கும் ஓர் அலையை உண்டாக்கியிருக்கிறது. பாலிடெக்னிக்கில் இருபத்தெட்டு வருடம் மின்னியல் சொல்லிக் கொடுத்தவனுக்குக் கேட்காதது அவள் காதுக்குக் கேட்டது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

டிம்மர் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் உறுமல் எங்கிருந்து வருகிறது என்பதும் புரிந்துவிடும். உன் சுவரில் இருப்பது, 1959இல் ஜோயல் ஸ்பைரா என்பவர் நியூயார்க்கில் உருவாக்கிய குறைகடத்தி டிம்மரின் வழிவந்த சாதனம். அது மின்னழுத்தத்தைச் சீராகக் குறைப்பதில்லை. ஒவ்வோர் அரையலையிலும் முதல் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மீதியை மட்டும் டிரையாக் என்ற சிறு மின்னணு ஸ்விட்சின் வழியே திடீரென்று திறந்துவிடுகிறது. டிம்மரின் திருகு நடுவில் இருக்கும்போது அலையின் உச்சியில் வெட்டு விழுவதால், சுழியத்தில் இருந்த அழுத்தம் ஒரே தாவலில் ஏறத்தாழ 325 வோல்ட்டுக்குப் போகிறது. இது விநாடிக்கு நூறு தடவை நடக்கிறது. திருகு பாதியில் நிற்கும்போது சத்தம் அதிகமாகவும் முழுதாகத் திறந்ததும் அநேகமாக இல்லாமலும் போவதற்கு இதுதான் காரணம். உன் விளக்கும் அப்படித்தானா என்பதை முதலில் பார்த்துக்கொள்.

இந்தத் தாவலைத் தாங்கும் பொருள்களில் எது தளர்வாக இருக்கிறதோ அது பாடும். பழைய குண்டு பல்பில், சுருண்ட இழையின் சுற்றுகள் ஒன்றையொன்று இழுத்துத் துடிக்கும். டிம்மருக்குள், வானொலியில் இரைச்சல் வராமலிருக்க வைத்திருக்கும் சோக் சுருள் முரலும். மலிவான டிம்மர்களில் இந்தச் சுருளே இருக்காது, அந்த வீடுகளில் திருச்சி வானொலி கேட்க முடியாது. எல்.இ.டி. பல்பில், அடிப்பகுதியில் உள்ள சிறு மின்சுற்றின் சுருளும் பீங்கான் மின்தேக்கியும் ஒலிக்கும்.

ஆகவே விளக்கு, சுவர் இரண்டின் பக்கத்திலும் தனித்தனியே காதை வைத்துக் கேள். கேட்பதற்கு முன் மின்விசிறியை நிறுத்திவிடு. நான் ஒரு மாலை முழுவதும் விசிறியின் முனகலை விளக்கின் தலையில் கட்டிக்கொண்டிருந்தேன். அதன் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரும் இதே வெட்டு வேலையைச் செய்வதுதான். அதை எடுத்துவிட்டு, படிப்படியாகத் திருப்பும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டரை மாட்டியதும் விசிறி அமைதியானது, ஏனென்றால் அதில் அலை வெட்டப்படுவதில்லை. சுவரிலிருந்துதான் ஒலி என்றால், டிம்மரை விட ஸ்விட்ச் பலகையே குற்றவாளியாக இருக்கலாம். முகப்புத் தகட்டை விரலால் அழுத்திப் பார். ஒலி அடங்கினால், மெயினை அணைத்துவிட்டுத் தகட்டின் திருகாணிகளை இறுக்கினால் போதும்.

உன் தொங்குவிளக்கில் மூன்று 9 வாட் எல்.இ.டி. இருப்பதாக எழுதியிருக்கிறாய். என் சந்தேகம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. மொத்தம் 27 வாட். குண்டு பல்புக்காகச் செய்த டிம்மர்களில் பல, குறைந்தது 40 அல்லது 60 வாட் லோடு இருந்தால்தான் நிலையாக வேலை செய்யும். மூன்றில் ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு 60 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார். உறுமலும் மினுக்கலும் சட்டென்று குறைந்தால் லோடு போதவில்லை என்று பொருள். மற்ற இரண்டும் அப்படியே உறுமிக்கொண்டிருந்தால், அவை டிம்மருக்கு ஏற்ற பல்புகளே அல்ல; அட்டைப்பெட்டியில் 'டிம்மபிள்' என்று போட்டிருக்கிறதா என்று பார். விளக்கின் மூடி பிளாஸ்டிக்காக இருந்தால், சோதனை முடிந்ததும் குண்டு பல்பை எடுத்துவிடு, சூட்டில் உருகிவிடும்.

மாற்றுவதென்று முடிவானால், டிம்மரையும் பல்பையும் சேர்த்தே மாற்று. அரையலையின் முன்பகுதியை வெட்டாமல் பின்பகுதியை வெட்டும் டிம்மர்கள் எல்.இ.டி.க்கென்று கிடைக்கின்றன, அவற்றில் அழுத்தம் தாவாமல் ஏறுவதால் ஒலி மிகவும் குறைவு. நான் செலவுக்கு அஞ்சி பல்பை மட்டும், அதுவும் டிம்மருக்கு ஏற்ற வகை அல்லாததை வாங்கினேன். மூன்று வாரம் ஈயைப் போல் ரீங்கரித்துவிட்டு அது உயிரை விட்டது.

ஒன்றில் மட்டும் நீ கவனமாக இருக்க வேண்டும். ஒரே சீராக வரும் உறுமல் எரிச்சலூட்டுமே தவிர, பெரும்பாலும் ஆபத்தில்லை. டிம்மர் இளஞ்சூடாக இருப்பதும் இயல்பே. ஆனால் 'சரசர' என்றோ 'படபட' என்றோ விட்டுவிட்டுக் கேட்டாலும், பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலும், எங்கோ இணைப்பு தளர்ந்து பொறி பறக்கிறது என்று வைத்துக்கொள். அப்போது என் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்காமல் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. திருகைச் சுழியத்துக்குத் திருப்பிவிட்டால் மின்சாரம் நின்றுவிட்டது என்று எண்ணி ஹோல்டரில் கை வைத்துவிடாதே.

டிம்மரின் பின்புறத்தில் வாட் அளவு அச்சிட்டிருக்கும். குண்டு பல்பு போட்டுப் பார்த்ததன் முடிவையும் அந்த எண்களையும் அடுத்த கடிதத்தில் எழுது. ஆடி மாதம் மகள் இங்கு வருகிறாள். உன் வீட்டுக்கும் கூட்டிவருகிறேன். அதற்குள் உறுமல் அடங்கியிருக்கிறதா என்று அவளே கேட்டுச் சொல்லட்டும்.

அன்புடன்,
நடராஜன்