வொரன்டியில் இல்லாத சூடு: நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

வெள்ளவத்தையில், கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு நான்காம் மாடி வீட்டிலிருந்து இதை எழுதுகிறேன். என் அக்காவின் மகன் அனிமேஷன் படிக்கிறான். படிப்புக்காகவும், உண்மையைச் சொன்னால் இரவில் கேம் விளையாடவும், அவனுக்கு ஒரு கேமிங் லப்டொப் வாங்கிக் கொடுத்தோம். 3,85,000 ரூபாய். அக்கா சீட்டுக் கட்டி எடுத்த காசு. எட்டாம் மாதம் திரையில் பச்சைப் புள்ளிகள் வந்தன. பிறகு கோடுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துப்போனது. உள்ளே பேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

கடையில் பத்து நிமிடம் திறந்து பார்த்துவிட்டு “சிப் பேர்ன்” என்றார்கள். பற்றுச்சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த ஆங்கில வரிகளில் ஒன்றைக் காட்டினார்கள். சிப் எரிந்தாலோ துருப்பிடித்தாலோ அடிபட்டாலோ உத்தரவாதம் இல்லை. அதற்கு மேல் வரியில், ஒரு வருடம் என்றால் 350 நாள் என்றும் இருந்தது. மற்றப் பதினைந்து நாளும் எங்கே போனது என்று கேட்டேன். கவுன்டரில் நின்ற தம்பி சிரித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அவரில் எனக்குக் கோபமில்லை, அவரா அச்சடித்தார்?

கடையின் பெயரையும் லப்டொப்பின் பெயரையும் வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறேன். தெரிந்தவர்களிடம் ஆறு பற்றுச்சீட்டுகளை வாங்கிப் பார்த்தேன், ஆறும் வேறு வேறு கடை. ஐந்தில் ஏறத்தாழ இதே வரிகள்தான். ஒரு கடையைத் திட்டிப் பிரயோசனமில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

“சிப் பேர்ன்” என்ற சொல்லைக் கேட்டால் பாவித்தவர்தான் ஏதோ பிழை செய்து எரித்துவிட்டார் என்று தோன்றும். அவர்கள் சொன்னது கிராபிக்ஸ் சிப்பை, அதாவது திரையில் படத்தை உருவாக்கிக் காட்டும் சிப்பை. அது அப்படி எரிகிற சாமானில்லை. இன்றைய சிப்புக்குள் வெப்பத்தை அளக்கும் உணரிகள் இருக்கின்றன. லப்டொப்களில் வழக்கமாக 87 பாகை செல்சியஸ் அளவில் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்னும் சூடானால் இயந்திரமே நின்றுவிடும். கேம் விளையாடுகிறவன் எவ்வளவு முக்கினாலும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது.

அப்படியென்றால் எது சாகிறது? சிப்பையும் அதைத் தாங்கும் பலகையையும் இணைப்பவை மிகச்சிறிய உலோகப் புள்ளிகள். ரிப்பெயார் கடையில் ஈயம் என்பார்கள், பள்ளிக்கூடப் புத்தகத்தில் பற்றாசு. சூடாகும்போது சிலிக்கன் கொஞ்சமாகத்தான் விரியும், அடியிலிருக்கும் பலகை அதைவிடக் கூட விரியும். கேமைத் தொடங்கினால் விரிவு, மூடினால் சுருக்கம். இடையில் மாட்டிக்கொண்ட புள்ளிகள் தினமும் இழுபடும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடித்துக்கொண்டே இருந்தால் முறியுமே, அதே கதைதான். பற்றாசும் அதைச் சுற்றி நிரப்பும் பசையும் நல்ல தெரிவாக இருந்தால் பல வருடம் தாங்கும். இல்லாவிட்டால் சில மாதங்களிலேயே வெடிப்பு விழும். பம்பலப்பிட்டியிலோ மருதானையிலோ சூட்டுக் காற்று அடித்து “ரீபோல்” செய்து தருவதும் இந்தப் புள்ளிகளைத்தான். சிலநேரம் உயிர் வரும், சில மாதம் ஓடும், பிறகு பழையபடி கறுப்புத் திரை. சிப்பைச் சுற்றியிருக்கும் மின்சாரம் சீராக்கும் பாகங்களும் நினைவகச் சிப்புகளும்கூடச் சூட்டில் கெடலாம். பத்து நிமிடத்தில் வெறுங்கண்ணால் பார்த்து இதில் எது என்று பிரித்துச் சொல்ல எந்த ரிப்பெயார்காரருக்கும் முடியாது.

இது என் கற்பனையில்லை. 2008 ஜூலையில், கிராபிக்ஸ் சிப் தயாரிக்கும் என்விடியா நிறுவனமே, தன் பழைய லப்டொப் சிப்புகள் சிலவற்றில் பொதியுறைப் பொருள் (சிப்பைப் பலகையோடு சேர்த்துக் கட்டும் பொருள்) பலவீனமாக இருந்ததென்று ஒப்புக்கொண்டு, மாற்றுச் செலவுக்காக 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை ஒதுக்கியது. அதே வருடம் அப்பிள் நிறுவனம், என்விடியாவின் 8600எம் ஜிடி சிப் இருந்த தன் மேக்புக் ப்ரோ லப்டொப்களை உத்தரவாதம் முடிந்திருந்தாலும் இலவசமாகத் திருத்தித் தருவதாக அறிவித்தது. 2011ஆம் ஆண்டு மேக்புக் ப்ரோக்களில் ஏஎம்டி என்ற மற்ற நிறுவனத்தின் சிப் இருந்தவற்றுக்கும் 2015இல் அப்படியொரு திட்டம் வந்தது. அங்கெல்லாம் திரை கறுத்தது இதேபோலப் பாவிக்கும்போதுதான். பிழை பாவித்தவர் தலையில் விழவில்லை. அதே திரை கொழும்பின் காலி வீதிக்கு வந்தால் மட்டும் “சிப் பேர்ன், வொரன்டி இல்லை” ஆகிவிடுகிறது.

இனி நம்முடைய ஊர். லப்டொப் கையேடுகளில் சுற்றுப்புற வெப்பம் 35 பாகை வரை இருக்கலாம் என்றுதான் பெரும்பாலும் போட்டிருக்கும். கொழும்பில் பகல் 31, 32 என்பது சாதாரணம், ஏசி இல்லாத மேல்மாடி அறையில் இன்னும் கூட. நாம் இணையத்தில் பார்த்து நம்பும் சோதனைகள் அநேகமாக 21, 22 பாகை அறையில் நடப்பவை. உள்ளே இழுக்கும் காற்று பத்துப் பாகை கூடினால் சிப்பும் ஏறத்தாழ அவ்வளவு கூடும். அங்கே 77இல் நிற்கும் சிப் இங்கே 87ஐத் தொட்டு மூச்சு வாங்குகிறது. கடை அறைக்குள் ஏசி இருபதில் ஓடும், அங்கே எந்த லப்டொப்பும் நல்ல பிள்ளைதான். அதோடு கடற்காற்று. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் துருவேறும்போது, காற்றை இழுத்துத் தன்னைக் குளிராக்கும் இயந்திரத்துக்குள் என்ன நடக்கும்? கடலோரத்தில் இருக்கும் சூடான நகரத்தில் விற்கும் சாமானுக்குச் சூடும் துருவும் விலக்கு! மழைக்கோட்டு விற்றுவிட்டு, நனைந்தால் பொறுப்பில்லை என்று எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன்?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 10ஆம் பிரிவில், பொருட்களின் விவரத்துண்டு (லேபல்) பற்றி வணிகர்களுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது. கேமிங் லப்டொப்பின் விலைச் சீட்டில் சிப்பின் பெயரோடு அதன் வாட் எண்ணையும், அதாவது அது எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஏனென்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். ஆர்டிஎக்ஸ் 4060 லப்டொப் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் பொருத்த என்விடியா இடம் கொடுத்திருக்கிறது. இரண்டு லப்டொப்பிலும் ஒரே ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கும். ஒன்று மெல்லிய உடலில் திணறும், மற்றது தடித்த உடலில் பாயும், அல்லது மெல்லிய உடலிலேயே பெரிய வாட்டைத் திணித்து வேகுவதும் உண்டு. வேகத்தையும் சூட்டையும் சேர்த்துச் சொல்லும் எண் அது ஒன்றுதான். அதைக் கேட்டால் ஆறு கடையில் நான்கில் “அதெல்லாம் ஒன்றுதான் அண்ணா, 4060 என்றால் 4060” என்கிறார்கள். ஏமாற்றும் எண்ணமில்லை, அவர்களுக்கும் தெரியாது. சீட்டில் எழுத வேண்டிவந்தால் தேடிப் பார்ப்பார்கள்.

“சிப் பேர்ன்” விலக்கு எனக்கு அதைவிட முக்கியம். பாவித்தவர் பிழை என்று கடை சொன்னால், அதை எழுத்தில், என்ன சோதனை செய்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்ற விவரத்தோடு தரச் செய்யுங்கள். தண்ணீர் ஊற்றியிருந்தாலோ வெளியில் யாரோ திறந்து கிண்டியிருந்தாலோ அடையாளம் இருக்கும், அதைக் காட்டட்டும், ஒத்துக்கொள்கிறோம். அடையாளம் எதுவுமில்லாமல் சூட்டால் செத்தது என்றால் அது சாமானின் குறை. ஒரு வருடத்துக்கு 350 நாள் என்ற கணக்குக்குத் தனி விளக்கம் தேவையில்லை, 30ஆம் பிரிவு தவறாக வழிநடத்தும் வணிக நடத்தையைத் தடுக்கிறது, அது போதும்.

அப்புறம் 13ஆம் பிரிவு. உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி உங்களிடம் எழுத்தில் முறையிட விற்பனையிலிருந்து மூன்று மாதம்தான் தவணை. அரிசிக்கும் சீனிக்கும் அது சரி. கிராபிக்ஸ் சிப்பின் நோய் மெதுவாக வருவது, நூற்றுக்கணக்கான தடவை சூடாகி ஆறிய பிறகுதான் முதல் பச்சைப் புள்ளி தெரியும். எங்களுக்கு அது எட்டாம் மாதத்தில் தெரிந்தது. கடையின் 350 நாள் கணக்கில்கூட நாங்கள் உள்ளேதான் இருந்தோம், உங்கள் கணக்கில் வெளியே போய்விட்டோம். சட்டத்தைத் திருத்துவது பாராளுமன்றத்தின் வேலை என்று தெரியும். ஆனால் தவணையைக் குறை தெரிந்த நாளிலிருந்து, குறைந்தது எழுதிக் கொடுத்த வொரன்டி முடியும் நாள் வரைக்குமாவது எண்ண வேண்டுமென்று பரிந்துரைக்க உங்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

மருமகன் இப்போது நண்பனின் பழைய கணினியில் இரவல் வேலை செய்கிறான். சிப் பொருத்தியிருக்கும் மதர்போர்டை மாற்ற ஒன்றே முக்கால் இலட்சம் கேட்கிறார்கள், அக்கா இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. லப்டொப்பை நாங்கள் வெளியில் எங்கும் திறக்கக் கொடுக்கவில்லை. உங்கள் அதிகாரி யாரும் பார்க்க விரும்பினால் அப்படியே இருக்கிறது.

பற்றுச்சீட்டின் இரண்டு பக்கத்தையும் பிரதி எடுத்து இணைத்திருக்கிறேன். பின்பக்க எழுத்து அவ்வளவு சிறிது என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக்கியிருக்கிறேன். பதிலைத் தமிழில் அனுப்பினால் உதவியாக இருக்கும், அக்காவுக்கு வாசிக்கக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
கொழும்பு 6இலிருந்து ஒரு நுகர்வோர்