மல்லிகாவுக்கு: முதலில் இரவைக் கேள்

தோ பாயோ, சிங்கப்பூர்,
4 ஜூலை 2020

அன்புள்ள மல்லிகா,

உன் மின்னஞ்சல் வந்தது. பேரப்பிள்ளைகள் 29ஆம் தேதியிலிருந்து தினமும் பள்ளிக்குப் போகிறார்கள், வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று எழுதியிருந்தாய். கூட்டமும் மைக்கும் இல்லாத தேர்தல் வேறு, இந்தப் பக்கமும் ஒரே அமைதிதான். டிமென்ஷியா, அதாவது மறதி நோய், உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரிடம் வாரம் ஒருமுறை போனில் பேச ஒப்புக்கொண்டாயே, நல்ல காரியம். 2013இல் மனநலக் கழகம் நடத்திய ஆய்வின்படி இங்கே 60 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு இந்த நோய். உன் பட்டியல் சுருங்கப்போவதில்லை.

என்ன கேட்பது என்று கேட்டிருந்தாய். "எப்படி இருக்கீங்க?" என்று மட்டும் கேட்காதே. நம் பெண்கள் "பரவால்லக்கா" என்பார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பராமரிப்பவரின் சுமையை அளக்க 22 கேள்விகள் கொண்ட ஸாரிட் படிவம் ஒன்று இருக்கிறது. கிளினிக்கில் அது சரி. போனில் அதை வாசித்தால் பரீட்சை மாதிரி இருக்கும். மூன்று கேள்வி போதும். நேற்று ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க? யாரும் கூப்பிடாம ஒரு மணி நேரம் கடைசியா எப்ப கிடைச்சுது? உங்க சொந்த மாத்திரை, பிரஷரோ சுகரோ, தீராம இருக்கா? இவை எல்லாமே எண்ணிக்கையாலோ நாளாலோ, ஆமாம் இல்லை என்றோ பதில் சொல்லக்கூடியவை. மழுப்ப முடியாது.

முதல் கேள்விக்கு வரும் பதிலில்தான் பாதிக் கதை இருக்கும். ஏப்ரல் 7ஆம் தேதி சர்க்கிட் பிரேக்கர், அதாவது கொவிட்டுக்கான ஊரடங்கு, தொடங்கியதும் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள் பெரும்பாலும் மூடிவிட்டன. காலையில் வேன் வரும், பாட்டு, உடற்பயிற்சி, சாப்பாடு, மாலையில் வீடு என்று இருந்த பெரியவர் இப்போது சோபாவிலேயே உட்கார்ந்து தூங்கி வழிகிறார். உடம்புக்குள் இருக்கிற கடிகாரத்தைத் தினமும் சரிசெய்வது காலை வெளிச்சம். வயதானால் கண்வில்லை மஞ்சளாகி உள்ளே போகும் ஒளி குறைந்துவிடும். போதாக்குறைக்குத் திரை போட்ட ஹாலில் நாள் முழுக்க இருந்தால் பகலும் இரவும் ஒன்றாகிவிடும். மாலை ஆறு மணிக்குப் பதற்றம் தொடங்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, வேலைக்கு நேரமாகிவிட்டது, சட்டை எங்கே என்பார். மகளோ காலை ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு மேசையிலேயே ஆபீஸ் வேலையைத் தொடங்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் அவள் கத்துவாள். கத்திய பிறகு அழுவாள். அழுததை உன்னிடம் சொல்லும்போது "எனக்குப் பொறுமை இல்லைக்கா" என்பாள். பொறுமை இல்லாமல் இல்லை மல்லிகா, தூக்கம் இல்லை. மனதை லேசாக்க வழி சொல்வதற்கு முன்னால் அந்த வீட்டின் இரவைச் சரிசெய்ய வேண்டும். இரவைச் சரிசெய்ய, பகலைத்தான் பிடிக்க வேண்டும்.

எவ்வளவு மோசமான இரவாக இருந்தாலும் பெரியவரை எழுப்பும் நேரம் மாறக்கூடாது. இங்கேதான் எல்லாரும் சறுக்குவார்கள். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, பாவம், தூங்கட்டும் என்று பத்து மணி வரை விட்டால் அன்றைய இரவும் போச்சு. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி நேரம் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். கீழே இறங்க முடியாவிட்டால் காரிடாரில் நாற்காலி போட்டு அங்கேயே காலைக் கோப்பியைக் கொடுக்கச் சொல். மதியம் இரண்டு மணிக்குப் பிறகு கோப்பியும் தேநீரும் வேண்டாம். பகல் தூக்கம் அரை மணி நேரம், மூன்று மணிக்கு முன்னால், கட்டிலில் இல்லாமல் சாய்வு நாற்காலியில்.

பகலில் கைக்கு வேலை வேண்டும். கடையில் விற்கும் புதிர் அட்டைகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஐம்பது வருஷம் சமைத்த கைக்கு இக்கான் பிலிஸ் (நெத்திலிக் கருவாடு) தலை கிள்ளவும், கீரை ஆயவும், துண்டு மடிக்கவும் சொல்லித்தர வேண்டியதில்லை. மடித்த துண்டைப் பெரியவர் பார்க்காதபோது கலைத்து மறுபடி கொடுத்தாலும் தப்பில்லை. சரியாகச் செய்யவில்லை என்று மகள் திருத்த ஆரம்பித்தால்தான் சண்டை வரும்.

நம் ஊரில் வருஷம் முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது சாய்கிறது. ஆறு மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுத் திரையை இழுத்துவிடச் சொல். ஜன்னலில் தெரியும் நிழலும் கண்ணாடியில் தெரியும் சொந்த முகமும் அவர்களுக்கு யாரோ நிற்பதுபோல் இருக்கும். அந்த நேரத்தில் தொற்று எண்ணிக்கைச் செய்தியும் வேண்டாம். செய்தி மறந்துவிடும், பயம் மட்டும் தங்கிவிடும். ஒலி 96.8 வானொலியில் பழைய பாட்டு ஓடட்டும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ராத்திரி சிறுநீருக்கு எழுகிறார் என்று நாள் முழுக்கத் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். உடம்பு வறண்டு, மலம் கட்டி, சிறுநீர்த் தொற்று வந்து, குழப்பம் இரட்டிப்பாகும். மொத்த அளவைக் குறைக்காமல் பெரும்பகுதியை மாலை ஆறுக்குள் முடித்துவிட்டு, படுப்பதற்கு முந்திய இரண்டு மணி நேரம் மட்டும் குறைத்தால் போதும். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ டாக்டர் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதைக் காலையில் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல். மூட்டுவலியையும் மறக்காதே. வலி என்று சொல்லத் தெரியாதவர், எழுந்து நடப்பார்.

மருந்தில்தான் உனக்குக் காது கூர்மையாக இருக்க வேண்டும். சளிக்கும் அரிப்புக்கும் தருகிற சின்ன மஞ்சள் மாத்திரை, குளோர்ஃபெனிரமின், தூக்கம் வரும் என்று யாராவது கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அது மூளையில் நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கும். டிமென்ஷியா மருந்துகளில் டோனெபெசில் போன்றவை அதே அசிட்டைல்கோலினைக் கூட்டத்தான் பாடுபடுகின்றன. ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிக்கிற கதை. குழப்பம் கூடும், சிறுநீர் அடைக்கும், விழுவார்கள். கலவரத்தை அடக்க டாக்டர் எழுதிய மாத்திரையை வீட்டிலேயே இன்னொன்று சேர்த்துக் கொடுப்பதும் ஆபத்து. அந்த வகை மருந்துகள் இந்த நோயாளிகளுக்குப் பக்கவாத அபாயத்தையும் மரண அபாயத்தையும் கூட்டும்.

"நேத்துவரை நல்லா இருந்தாங்க, இன்னைக்குத் திடீர்னு ஆளே மாறிட்டாங்க" என்று யாராவது சொன்னால் ஆறுதல் பேச்சை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் அனுப்பு. டிமென்ஷியா மாதக்கணக்கில் நகரும். ஓரிரு நாளில் மாறினால் அது டெலிரியம், உடம்புக் கோளாறால் வரும் திடீர்க் குழப்பம். காரணம் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம். வயதானவர்களுக்குக் கொவிட்டே காய்ச்சல் இல்லாமல் இப்படி வரலாம்.

முகக்கவசத்தைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். ஏப்ரல் 14இலிருந்து கட்டாயம், போடாவிட்டால் 300 வெள்ளி அபராதம் என்ற பயத்தில் பலர் பெரியவரைக் கீழே இறக்குவதையே விட்டுவிட்டார்கள். பிறகு எங்கே வெளிச்சம், எங்கே தூக்கம்? தொற்று என்று விளக்கினால் அடுத்த நிமிடம் மறந்துவிடும். விளக்காமல் செய்துகாட்ட வேண்டும். எதிரே நின்று முதலில் தான் போட்டுக்கொள்வது, பிறகு அவர் கையில் கொடுப்பது, போட்டதும் உடனே கதவைத் திறந்து நடக்க ஆரம்பிப்பது. காதுக் கருவி இருந்தால் வார் சிக்கி இழுக்கும். தலைக்குப் பின்னால் கட்டும் கவசம் நல்லது. நேரம் காலை ஏழு மணி, ஆள் குறைவு. கவசம் போட்டவரின் முகபாவம் அவர்களுக்குத் தெரியாது என்பதால் மகள் சாதாரணமாகப் பேசினாலும் அதட்டுவதுபோல் இருக்கும். குரலைத் தாழ்த்தி, பெயரோ உறவோ சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் பேசச் சொல். வாக்களிக்கக் கூட்டிப்போகிறவர்கள் கேட்டால், 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் காலை 8 முதல் 12 வரை ஒதுக்கியிருக்கிறார்கள்.

இவ்வளவு செய்தாலும் சில வீடுகளில் இரவு சரியாகாது. அப்போது தூக்கத்தைப் பங்கு போட வேண்டும். இருவர் இருந்தால் ஒருவர் ஒன்பதிலிருந்து இரண்டு வரை, மற்றவர் இரண்டிலிருந்து ஏழு வரை. தன் முறை இல்லாதவர் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும். ஒரே ஹாலில் படுத்துக்கொண்டு முறை வைப்பதில் பயனில்லை, இரண்டு பேருமே விழித்திருப்பார்கள். விட்டு விட்டுத் தூங்கும் எட்டு மணி நேரத்தைவிடத் தொடர்ந்து ஐந்து மணி நேரம் மேல்.

தனியாகப் பார்த்துக்கொள்பவர் என்றால் உடன்பிறந்தவர்களை இழுக்க வேண்டும். குடும்ப வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் அனுப்புகிற தம்பி ஒவ்வொரு வீட்டிலும் இருப்பார். பெற்றோரைப் பார்த்துக்கொள்ளப் போவதற்குச் சர்க்கிட் பிரேக்கரின்போதே தடை இல்லை, இப்போது கட்டுப்பாடுகளைத் தளர்த்திய இரண்டாம் கட்டத்தில் எந்தச் சாக்கும் இல்லை. "கொஞ்சம் உதவி பண்ணு" என்றால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. "சனிக்கிழமை ராத்திரி ஒன்பதிலிருந்து ஞாயிறு காலை எட்டு வரை அப்பாவோட இரு" என்று கேட்கச் சொல். முடியாது என்றால் அந்த வேளைக்கு ஆள் வைக்கும் செலவை ஏற்கட்டும். பாதிப் பேர் அதற்கு ஒப்புக்கொள்வார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பணிப்பெண் இருக்கிற வீட்டில் அவரைப் பற்றியும் கேள். மூன்று மாதமாக ஓய்வு நாளில்கூட வெளியே போகாமல் பாட்டியின் அறையிலேயே படுத்து, ஒவ்வொரு இரவும் எழுகிறவர் அவர்தான். அவர் ஒடிந்துவிட்டால் அந்த வீட்டுக்கு மறுநாள் இல்லை. புதிதாக ஒருவரை வரவழைப்பதும் இப்போது லேசில்லை.

கடைசியாக, கேட்கக் கூசுகிற கேள்வி. "சில நேரம் கை ஓங்கத் தோணுதா?" என்று நேராகக் கேள். "ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தா நல்லாருக்கும்னு தோணுதா?" என்றும் கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, நாம் வார்டில் படித்ததுதான். ஆமாம் என்றால் அதிர்ச்சி காட்டாதே, அறிவுரையும் வேண்டாம். எப்படி, எப்போது என்று யோசித்தீர்களா என்று கேள். திட்டம் இருந்தால் போனை வைக்காமல் உதவி வரும்வரை பேசிக்கொண்டிரு. வெறும் கோபம் என்றால் ஒரு வழிமுறை சொல்லிக்கொடு: அடுப்பை அணை, வாசற்கதவு பூட்டியிருக்கிறதா பார், பெரியவர் உட்கார்ந்திருக்கிறாரா பார், பிறகு ஐந்து நிமிடம் வேறு அறைக்குப் போ. திரும்பி வரும்போது சண்டை போட்ட விஷயத்தைத் தொடாமல் குடிக்க ஏதாவது எடுத்துவா. அவர் அநேகமாக மறந்திருப்பார்.

நீ அழைக்கும் நேரம் காலை பத்தரை நல்லது. மாலை ஐந்திலிருந்து எட்டுவரை அந்த வீடுகளுக்குப் போன் போடவே கூடாது. பாதியில் வைத்துவிட்டால் வருத்தப்படாதே, அடுத்த நாள் கூப்பிடு.

பகல்நேர நிலையங்களைப் படிப்படியாகத் திறக்கிறார்கள். இத்தனை நாள் வீட்டில் இருந்துவிட்டதால் பெரியவர் போக மறுப்பார். முதல் வாரம் அரை நாள் போதும். வேன் வரும்போது, "போகலாமா?" என்று கேட்காமல் செருப்பை எடுத்து வைக்கச் சொல். அன்று மகள் வீட்டைத் துடைக்கவும் திரைச்சீலை துவைக்கவும் கிளம்புவாள். அதெல்லாம் கிடக்கட்டும், படுத்துத் தூங்கு என்று முந்தின நாளே சொல்லி வை.

அன்புடன்,
சாந்தா

பி.கு.: டிமென்ஷியா உதவி எண் 6377 0700. மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222. உயிருக்கு ஆபத்து என்றால் 995. மாதாமாதம் கிடைக்கும் வீட்டுப் பராமரிப்பு மானியம் போன அக்டோபரில்தான் வந்தது. பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது, விண்ணப்பிக்க ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பைக் கேட்கச் சொல்.