மங்கின நிறமுள்ள குதிரை

தரங்கம்பாடி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். முழங்கால் வலி மட்டும் என்னை விட்டு நீங்குவதாக இல்லை.

வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் 6ஆம் அதிகாரத்தில் வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மங்கின நிறம் என வரும் நான்கு குதிரைகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். வெள்ளைக் குதிரையில் வருபவர் கிறிஸ்துவே என்று உங்கள் ஊர்ப் போதகர் கூறியதை என்னால் ஏற்க முடியவில்லை. 19ஆம் அதிகாரத்து வெள்ளைக் குதிரையில் வருபவருக்குத் தலையில் அநேக கிரீடங்களும் வாயிலிருந்து புறப்படும் பட்டயமும் உண்டு. 6ஆம் அதிகாரத்தில் வரும் இவனிடம் இருப்பவையோ ஒரு வில்லும் ஒரு கிரீடமுமே. போரும் பஞ்சமும் சாவும் பின்தொடர முன்னே செல்பவனை, நாடு பிடிக்கும் ஆசை என்றே நான் கொள்கிறேன். சிவப்புக் குதிரை போரைக் குறிக்கிறது என்பதில் வழக்கில்லை.

கறுப்புக் குதிரைக்காரன் கையில் தராசு. ஒரு பணத்துக்கு ஒரு படி கோதுமை என்று ஒரு குரல் விலை கூறுகிறது. மூலத்தில் அந்தப் பணம் தெனாரியம். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சத்தோட்டத்தில் உழைத்தவனுக்குக் கிடைத்த ஒரு நாள் கூலியும் அதுவே. நாள் முழுதும் உழைத்தவன் வாங்கும் தானியம் அவன் ஒருவன் வயிற்றுக்கே சரியாகும். பிள்ளைகளுக்கும் வேண்டுமென்றால் விலை மலிந்த வாற்கோதுமைக்கு இறங்க வேண்டும். கூலி நெல்லை மரக்காலால் அளந்து வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இதற்கு உரை எதற்கு?

நான்காவது குதிரைதான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் அச்சேறிய ஊரில் குடியிருந்துகொண்டு மொழிபெயர்ப்பைக் குறை கூறுவது அழகல்ல. ஆயினும் நம் வேதாகமத்தில் ‘மங்கின நிறமுள்ள’ என்றிருக்கும் இடத்தில் கிரேக்க மூலம் வைத்திருக்கும் சொல் ‘குளோரோஸ்’. ஐயாயிரம் பேர் பந்தியிருந்த பசும்புல்லுக்குத் தம் சுவிசேஷத்தில் மாற்கு வழங்கும் சொல்லும் அதுவே. புல்லுக்கு உயிரைக் காட்டும் நிறம், உடம்பில் ஏறினால் நோயைக் காட்டுகிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறக்காத ஆண்டுகளில், கடைமடையில் நம் குறுவை நாற்று பச்சையும் இன்றி மஞ்சளும் இன்றி நிற்குமே, மரணம் ஏறிவந்த குதிரையை நான் அந்த நிறத்தில்தான் காண்கிறேன்.

பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி சகரியாவின் நூலில் முதல் அதிகாரத்துக் குதிரைகள் வேறு வேலைக்கு வந்தவை. அவை எவரையும் அழிப்பதில்லை; பூமியெங்கும் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கும் அமைதி நிலவுவதாகச் செய்தி சொல்கின்றன. இரவில் ஊரைச் சுற்றிவரும் நம் அய்யனார் குதிரையே எனக்கு நினைவில் வந்தது. இதை உங்கள் போதகரிடம் சொல்லிவிடாதே.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. சகரியா 6ஆம் அதிகாரத்தில் கறுப்புக் குதிரைகள் வடக்கே செல்ல, வெள்ளை அவற்றைத் தொடர, புள்ளிக் குதிரைகள் தெற்கே போகின்றன. முதல் இரதத்தில் பூட்டிய சிவப்புக் குதிரைகள் எங்கே சென்றன? தேடிப் பார்த்து எழுது.

உன்
பழைய தோழன்